அம்மாவின் கணக்குக் கொப்பியும் கொழும்பின் விலைச்சுட்டியும்

ஒவ்வொரு மாத இறுதியிலும் கொழும்பிலுள்ள தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஓர் எண்ணை வெளியிடுவது வழக்கம். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி என்பது அதன் பெயர். பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் அந்த எண்ணை வாங்கித் தலைப்பிட்டு முதற்பக்கத்தில் போடுவது என்னுடைய வேலைகளுள் ஒன்று. 'வாழ்க்கைச் செலவு மேலும் உயர்வு' என்று எத்தனை தடவை தலைப்பிட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த எண்ணின் பெயரிலேயே அதன் குறைபாடும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நான் உணர்வதற்குப் பல வருடங்கள் சென்றன. கொழும்பு. அது கொழும்பின் விலை. எங்கள் மானிப்பாய்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியவரோ, சுன்னாகத்தில் வெங்காயம் விற்றவரோ அந்த எண்ணுக்குள் இருக்கவில்லை.

இந்தச் சுட்டியின் முதல் வடிவம் 1952ஆம் ஆண்டை அடியாண்டாகக் கொண்டது. 1949-50இல் கொழும்பு நகரத் தொழிலாளர் குடும்பங்களிடம் எடுத்த ஒரு மதிப்பீட்டிலிருந்து, ஒரு குடும்பம் எதை எவ்வளவு வாங்குகிறது என்று ஒரு கூடையை வகுத்தார்கள். அந்தக் கூடையில் உணவின் பங்கு 61.9 வீதம். அதே கூடையைத்தான், உலகம் எவ்வளவோ மாறிய பின்பும், 2007ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாட்டின் எல்லா மாகாணங்களையும் உள்ளடக்கிய தேசிய நுகர்வோர் விலைச்சுட்டி 2015இல்தான் வந்தது. அதற்கிடையில் வீட்டு வருமானச் செலவின மதிப்பீடுகள் பல நடந்தன. 1990-91, 1995-96, 2002 ஆகிய ஆண்டுகளின் மதிப்பீடுகளில் வடக்கும் கிழக்கும் விடப்பட்டிருந்தன. 2006-07இல் வட மாகாணமும் திருகோணமலையும் இல்லை. இலங்கையின் எல்லா மாவட்டங்களையும் தொட்ட முதல் மதிப்பீடு 2012-13இல்தான் நடந்தது. அதாவது, யாழ்ப்பாணத்துச் சனங்கள் என்ன விலை கொடுத்து எதைச் சாப்பிட்டார்கள் என்பதற்கு, அவர்கள் மிக அதிக விலை கொடுத்த இருபது ஆண்டுகளுக்கும், அரச புள்ளிவிபரம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை.

என்னிடம் இருப்பது அம்மாவின் கணக்குக் கொப்பிகள்.

என் தந்தையார் அரசாங்க எழுதுவினைஞர். மாதச் சம்பளக்காரர் வீடு என்றால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் கணக்கு எழுதாத வீடு குறைவு. அம்மா ஒற்றைக்கோடிட்ட கொப்பியில் திகதி, பொருள், நிறை, விலை என்று நான்கு நிரல் போட்டு எழுதுவார். 1950களில் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் தொலைந்துபோக, 1995 ஒக்டோபர் வரை அந்தக் கொப்பிகள் உண்டு. முதற் கொப்பிகளில் இறாத்தலும் கொத்தும் போத்தலும் அளவைகள். பின்னர் அவை கிலோவும் லீற்றருமாக மாறுகின்றன. மண்ணெண்ணெய் மட்டும் கடைசி வரை போத்தல்தான்.

மானிப்பாய்க்கு வெளியே உள்ளவர்களுக்கு ஊரைப்பற்றி ஒரு சொல். மருதடிப் பிள்ளையார் கோயிலாலும், வைத்தியர் கிறீனின் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரியாலும் அறியப்பட்ட ஊர் இது. 1842இல் அமெரிக்க மிசன் அச்சகத்தில் அச்சாகி வெளிவந்த தமிழ் அகராதியை இன்றும் மானிப்பாய் அகராதி என்றுதான் சொல்கிறார்கள். எழுத்தும் அச்சும் நிறைந்த ஊர். ஆனால் தன் சோற்றுக்கு என்றுமே தன்னை மட்டும் நம்பி இருந்த ஊரல்ல. குடாநாடு முழுவதற்குமே அது பொருந்தும். மாரி மழையை நம்பிய ஒருபோக வயல்கள் ஆண்டின் ஒரு பகுதிக்கே போதும். மிகுதி அரிசி கடல் வழியே வந்தது. திருவிதாங்கூருக்குப் புகையிலை போனது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி வந்தது. மலாயாவில் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய காசும், ஓய்வூதியமாக வந்த காசும் அந்த அரிசியை வாங்கின. ஆகவே, யாழ்ப்பாணத்தானின் சாப்பாட்டு விலையைத் தீர்மானித்தது மண்ணைவிட அதிகமாக வழி. வழி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே எங்கள் விலைவாசி வரலாற்றின் சுருக்கம் என்பது என் கருத்து.

முதல் தடவை வழி மூடியது 1942இல். அந்த ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. ஒரே மாத காலத்தில் மலாயாக் காசும் நின்றது, பர்மா அரிசியும் நின்றது. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. பாட்டியார் சொல்லக் கேட்டதே. அரிசிக்குப் பங்கீடு வந்தது. கூப்பன் என்ற சொல் அப்போதுதான் எங்கள் வீட்டுப் பேச்சில் நுழைந்தது. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மாவும், குரக்கனும், மரவள்ளியும், ஒடியலும் நிரப்பின. ஒடியற் கூழையும் ஒடியற் பிட்டையும் இன்று வெளிநாட்டு விழாக்களில் பெருமையுடன் பரிமாறுகிறார்கள். பாட்டியாரைப் பொறுத்தவரை அது அரிசி கிடைக்காத காலத்துச் சாப்பாடு. நல்ல நாளில் அதைச் சமைக்க அவர் சம்மதித்ததில்லை.

பங்கீட்டோடு கூட வந்த இன்னொன்று கூட்டுறவுக் கடை. பதுக்கலும் கள்ளச்சந்தையும் பெருகிய அந்த நாட்களில் இலங்கை முழுவதும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் காளான்கள் போல முளைத்தன. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பேர் சங்கக்கடை. இந்த இடத்தில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த வீ. வீரசிங்கம் அவர்களைக் குறிப்பிடாமல் விட முடியாது. வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்தவர்களுள் முன்னணியில் நின்றவர் அவர். 1952இல் வட்டுக்கோட்டைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கும் சென்றார். யாழ்ப்பாண நகரில் எத்தனையோ கூட்டங்களையும் நாடகங்களையும் கண்ட வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரில் எழுந்ததே. மண்டபத்தில் கூட்டம் கேட்கப் போனவர்களுள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் கூட்டுறவுடன் சம்பந்தப்பட்டது என்று தெரியும்? சங்கக்கடையின் பெறுமதியைப் பின்னர் வந்த இரண்டு முற்றுகைக் காலங்களில் நாங்கள் உணர்ந்தோம். முகாமையாளர் நேர்மையானவராக இருந்த கிராமத்தில் குழந்தைகளுக்குப் பால்மா கிடைத்தது. அப்படி இல்லாத கிராமத்தில் அது பின்கதவால் போனது.

1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி நடந்த ஹர்த்தால் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. எனக்கு ஏழு வயது. பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் வரவு செலவுத் திட்டம் அது. இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தாலுக்குத் தமிழரசுக் கட்சியும் ஆதரவு தந்தது. யாழ்ப்பாணத்திலும் கடைகள் பூட்டப்பட்டன. தெற்கில் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நிகழ்ந்தன. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் கூடியது. பிரதமர் டட்லி சேனநாயக்க அந்த ஆண்டிலேயே பதவி துறந்தார். சிங்களவரும் தமிழரும் ஒரே நாளில் ஒரே காரணத்துக்காகத் தெருவுக்கு வந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. மூன்று ஆண்டுகளில் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. அரிசி விலையில் ஒன்றுபட்டவர்கள் மொழியில் பிரிந்தார்கள். அம்மாவின் கொப்பியில் அந்த மாதத்தில் அரிசியின் விலை சிவப்பு மையால் எழுதப்பட்டிருக்கிறது. வேறெங்கும் அவர் சிவப்பு மையைப் பயன்படுத்தியதாக நான் காணவில்லை.

இனி 1970 முதல் 1977 வரையான காலம். இதைப்பற்றி எழுதும்போது சற்று அவதானம் வேண்டும். ஏனெனில் இந்தக் காலத்தைப் பற்றி இரண்டு நினைவுகள் உண்டு. இரண்டும் உண்மை.

சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி ஆட்சி அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இறக்குமதிகளை இறுக்கியது. வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை வெளியிலிருந்து வருவது நின்றது. 1973இல் உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் ஒருங்கே விலையேறின. பாணுக்கு விடியப்புறம் வரிசை. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு. 1974இல் மலையகத் தோட்டங்களில் பட்டினியாலும் நோயாலும் இறந்தவர்களின் தொகை திடீரென உயர்ந்தது. பின்னர் வெளிவந்த மரண வீதங்களே அதற்குச் சாட்சி. கொழும்புத் தொழிலாளியின் கூடையை அளந்த விலைச்சுட்டியில் தோட்டத் தொழிலாளியும் இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

ஆனால் வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரருக்கு அதுவே பொற்காலம். இந்திய வெங்காயமும் மிளகாயும் வராத நாட்டில் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் ராசா. நான் அப்போது இளம் நிருபர். வாரம் தவறாமல் சுன்னாகச் சந்தைக்குச் சென்று சந்தை நிலவரம் எழுதி வருவேன். லொறிகள் வரிசையாக நிற்கும். மிளகாய்ச் சாக்கின் காரம் கண்ணைக் கரிக்கும். கொழும்பிலிருந்து வந்த வியாபாரி தோட்டத்துக்கே வந்து முற்பணம் கொடுத்துவிட்டுப் போவார். தோட்டக்காரர்கள் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள், ஓலை வீட்டை இடித்துக் கல்வீடு கட்டினார்கள். படித்த இளைஞர்கள் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களுக்கு மிளகாய் செய்யப் போனதும் இக்காலத்தில்தான். பேனை பிடித்தவன் மண்வெட்டி பிடிப்பதை அதற்கு முன் மானிப்பாயில் யார் மெச்சினார்கள்?

எங்கள் வீடு மற்றப் பக்கத்தில் இருந்தது. சம்பளக்காரர் வீடு. அரிசி விலையும் மிளகாய் விலையும் ஏறும்போது அப்பாவின் சம்பளம் அசையவில்லை. அம்மா கறிக்குப் போடும் செத்தல் மிளகாயை எண்ணிப் போட்ட காலம் அது. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அதே மிளகாயை விற்று மாடி கட்டினார். ஒரு விலை ஒரு வீட்டுக்குச் செலவு, அடுத்த வீட்டுக்கு வரவு. இந்தச் சின்ன உண்மையைச் சுட்டி எதுவும் சொல்லாது.

1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன ஆட்சிக்கு வந்தார். இறக்குமதி திறக்கப்பட்டது. கொழும்பில் கடைகள் நிறைந்தன, வரிசைகள் மறைந்தன. சுன்னாகத்தில் வெங்காய விலை விழுந்தது. உழவு இயந்திரத்துக்கு வாங்கிய கடனை அடைக்க முடியாமல் அதை விற்றவர்களை நான் அறிவேன். 1970களின் இறுதியில் தமிழ் இளைஞர் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்று எழுதுபவர்கள் பல்கலைக்கழகத் தரப்படுத்தலையும், 1977 கலவரத்தையும், 1981இல் எரிந்த நூலகத்தையும் சரியாகவே குறிப்பிடுகிறார்கள். வெங்காய விலையைக் குறிப்பிட்டவர்கள் மிகக் குறைவு. ஒரு தலைமுறை தோட்டத்தில் கண்ட நம்பிக்கை ஓரிரு போகத்தில் கலைந்துபோனது என்பதும் அந்த வரலாற்றில் ஒரு வரியாவது பெற வேண்டியதுதான்.

இப்போது வருவது 1990. ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது. ஆனையிறவு வீதி மூடியது. மின்சாரம் போனது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, உரம், சவர்க்காரம், மெழுகுவர்த்தி என்று குடாநாட்டுக்குக் கொண்டு செல்லக்கூடாத பொருள்களின் பட்டியல் ஒன்று வந்தது. மண்ணெண்ணெய் மிகச் சொற்பமாக அனுமதிக்கப்பட்டது. இவற்றுக்கிடையே ஒரு விசித்திரம் உண்டு. அரசாங்க அதிபரின் கச்சேரி இயங்கியது. ஆசிரியருக்கும் ஓய்வூதியருக்கும் கொழும்பிலிருந்து சம்பளம் வந்தது. நிவாரண அரிசியும் மாவும் கப்பலில் வந்தன. ஒரு கையால் சம்பளம் கொடுத்த அரசு, மறு கையால் அந்தச் சம்பளத்தில் வாங்க எதுவும் இல்லாமற் செய்தது.

அம்மாவின் கொப்பியில் 1990க்குப் பின் வரும் பக்கங்கள்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டின. விலை எழுதும் நிரலில் பல இடங்களில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. சவர்க்காரம் - இல்லை. தீப்பெட்டி - இல்லை. சீனி - இல்லை, இல்லை, பின்னர் ஒரு விலை, மறுபடியும் இல்லை. அந்தக் காலத்தில் ஒருநாள், "ஏன் அம்மா விலையை எழுதவில்லை?" என்று கேட்டேன். "சாமான் இருந்தால்தானே தம்பி விலை?" என்றார். விலைச்சுட்டி தயாரிப்பவர்களுக்கு இது பெரிய தலையிடி. கடையில் இல்லாத பொருளுக்கு விலை என்ன? அதற்கு அடுத்த தரப் பொருளின் விலையைப் போடலாம் என்பது அவர்களுடைய சாத்திரம். சவர்க்காரத்துக்கு அடுத்த தரப் பொருள் எங்கள் ஊரில் பனம்பழம். பழத்தின் களியால் உடுப்பைத் தோய்த்துக் காயப்போட்டால், வாசத்துக்கு மாடு வந்து சேலையைச் சப்பும். சீனிக்கு அடுத்தது பனங்கட்டி. விளக்குக்கு அடுத்தது யாம் போத்தல். போத்தலின் அடியில் சிறிது பஞ்சு வைத்து, ஒரு சில கரண்டி மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக் குழாயில் திரி கோத்து எரித்த அந்த விளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் சாமான்தானே விலையேறும், ஊரில் விளையும் மரக்கறி ஏன் ஏற வேண்டும் என்று அப்போது கொழும்பிலிருந்த நண்பர் ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. குடாநாட்டில் ஆறு இல்லை. தோட்டப் பயிருக்குக் கிணற்று நீர். கிணற்று நீருக்கு இயந்திரம். இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய். ஆகவே மண்ணெண்ணெய் விலை ஏறியபோது கத்தரிக்காயும் வெண்டிக்காயும் கூடவே ஏறின. யூரியா இல்லை என்றால் விளைச்சலும் குறைவு. வசதியில்லாத தோட்டக்காரர் கைவிட்டிருந்த துலாவை மறுபடியும் நட்டார். பூவரசங் குழையையும் கிளுவங் குழையையும் வெட்டித் தாழ்த்தார். ஒரு நாள் இறைப்புக்கு மூன்று ஆள் வேண்டும். அந்தக் கூலியும் கத்தரிக்காயின் தலையில்தான் விழுந்தது. கடல்வலயத் தடையால் மீன் பிடிப்பு சுருங்க, மீனும் விலையேறியது.

மறுபுறத்தில், தெற்குக்குப் போக வேண்டிய வெங்காயமும் புகையிலையும் வாழைக்குலையும் தேங்கிக் கிடந்தன. அவற்றின் விலை விழுந்தது. ஒரே சந்தையில் ஒரே நாளில், வருகிற பொருளுக்கு ஆனை விலை, போகாத பொருளுக்குப் பூனை விலை. தோட்டக்காரர் இரண்டு பக்கமும் அடிவாங்கினார். 1973இல் மிளகாயால் உயர்ந்த என் அயல்வீட்டுக்காரர் 1992இல் தன் வெங்காயத்தைக் கொடுத்துப் பதிலுக்கு மண்ணெண்ணெய் வாங்கியதை நான் நேரில் கண்டேன்.

இலாபம் அடைந்தவர் எவருமில்லை என்று சொல்ல முடியாது. வவுனியா எல்லையிலிருந்து சைக்கிளில் சுமை கட்டி, காடும் சேறும் கடந்து, கிளாலிக் கடலேரியில் உயிரைப் பணயம் வைத்துச் சாமான் கொண்டுவந்த சிறு வியாபாரிகளை நான் இலாபம் அடைந்தவர்கள் என்று சொல்லமாட்டேன். 1993 ஜனவரியில் அந்தக் கடலேரியில் பயணிகள் கொல்லப்பட்ட பின்னரும் அவர்கள் போய்வந்தார்கள். ஆனால் அனுமதிப் பத்திரம் வழங்கிய இடத்திலும், சோதனைச் சாவடியிலும், பொருளுக்கு வரி அறவிட்ட இடத்திலும் காசு கைமாறியது. துப்பாக்கி வைத்திருந்த இரண்டு தரப்புகளின் எல்லைகளையும் கடந்து வந்த சீனியில் இரண்டு தரப்பின் செலவும் சேர்ந்திருந்தது. இதை அப்போது எழுத முடியவில்லை. எழுதத் தாளும் இல்லை. பத்திரிகைத் தாளும் தட்டுப்பாட்டுப் பொருளாகவே இருந்தது.

1994இன் பிற்பகுதியில் சந்திரிகா ஆட்சியில் தடை ஓரளவு தளர்ந்தது. 1995 ஜனவரியில் போர்நிறுத்தம். அந்தச் சில மாதங்களில் கொப்பியில் 'இல்லை'கள் குறைந்து விலைகள் மீண்டும் வருகின்றன, விலைகள் இறங்குகின்றன. ஏப்ரலில் எல்லாம் முடிந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை அடைய எங்களுக்கு இரவு முழுவதும் எடுத்தது. அந்த இரவில் தாகத்துக்கு விலை இருக்கவில்லை, கிடைத்தவர் குடித்தார். அம்மா கையில் இருந்த பையில் காணி உறுதிகளும் கணக்குக் கொப்பிகளும் இருந்தன. நகைகளை வேறு பையில் வைத்திருந்தார். அந்தப் பை எங்கேயோ தவறியது. கொப்பியின் கடைசிப் பதிவு ஒக்டோபர் 29: பாண், ஒரு இறாத்தல். விலை எழுதியிருக்கிறது. கிலோ வந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்தும் பாணுக்கு மட்டும் அவர் இறாத்தலை விடவில்லை.

1996க்குப் பின் குடாநாடு கப்பலை நம்பி வாழ்ந்தது. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது, அங்கு வரி அறவிடப்பட்டபோதிலும், சாமான் நிறைந்தது. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை மூண்டு வீதி மறுபடி மூடியது. அடுத்த சில வாரங்களில் 1990இன் காட்சிகள் அனைத்தும் திரும்பின. அப்போது நான் கொழும்பில் இருந்தேன். தொலைபேசியில் தங்கை, பால்மாவுக்குச் சங்கக்கடையில் விடிய முன்னம் வரிசை நிற்பதைச் சொன்னாள். அங்கே சீனிக்குக் கொழும்பு விலையின் பல மடங்கு. அதே வாரத்தில் கொழும்பில் நான் தலைப்பிட்ட விலைச்சுட்டி அதைப்பற்றி ஒன்றும் அறியாது.

போர் முடிந்து வீதி திறந்த பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறிகள் வந்தன. வாங்குபவருக்கு மலிவு. உள்ளூர்த் தோட்டக்காரருக்கு 1977இன் இரண்டாம் பாகம். அத்துடன், சந்தையில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ 'கழிவு' என்று வெட்டும் பழைய வழக்கத்தை எதிர்த்து அவர்கள் இன்னும் போராட வேண்டியிருந்தது.

பின்னர் 2022. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. அதே மாதம் 400 கிராம் பால்மாப் பொதி 790 ரூபாவானது. ஏப்ரல் 12இல் நாடு தன் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். தேசியச் சுட்டியின்படி முறையே 73.7, 85.8. அப்போது கொழும்புச் சுட்டியின் கூடையில் உணவின் பங்கு சுமார் 28 வீதமாகவே இருந்தது. தேசியச் சுட்டியில் அது சுமார் 44 ஆக இருந்தது. தலைநகரத்துக்கு வெளியே வருமானத்தின் பெரும்பகுதி வயிற்றுக்கே போகிறது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லும்.

அந்த மார்ச் 22இல் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சிலர் குழந்தைகளுடன் படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கினார்கள். 1983இலும் 1990இலும் குண்டுக்கு அஞ்சி அந்தக் கடலைக் கடந்தோம். இம்முறை கடந்தவர்கள் அரிசி விலையையும் பால்மா விலையையும் காரணமாகச் சொன்னார்கள். தமிழ்நாடு அரசு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் அனுப்ப முன்வந்தது. முதற் கப்பல் மே மாதத்தில் கொழும்பை அடைந்தது.

கொழும்பு நண்பர்கள் எரிபொருள் வரிசையில் நின்றுகொண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுள் சிங்கள நண்பர்களும் இருந்தார்கள். சிலர் உண்மையான அக்கறையுடன், சற்று வெட்கத்துடனும், கேட்டார்கள். எங்களில் சிலர் "இப்போது அவர்களுக்கும் தெரியட்டும்" என்று பேசியதை நான் அறிவேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வரிசையில் நிற்கும் தாய்க்கு எந்த மொழியானாலும் கால் வலிக்கும்.

ஆனால் யாழ்ப்பாணத்துக்கு இந்த நெருக்கடி வேறு இரண்டு விதங்களில் வந்தது. ஒன்று, மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. கொழும்பில் அது ஏழை வீட்டு அடுப்பின் செய்தி. இங்கே அது இறைப்பு இயந்திரத்தின் செய்தி, மீன்பிடிப் படகின் செய்தி. ஆகவே மரக்கறியினதும் மீனினதும் செய்தி. முப்பது ஆண்டுகளுக்கு முன் நண்பர் கடிதத்தில் கேட்ட கேள்விக்கு அதே பதில்தான்.

மற்றது, வெளிநாட்டுக் காசு. இதை இதை வாசிக்கும் பலரும் விரும்பமாட்டீர்கள். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். ரூபா சரிந்தபோது டொலரிலும் பவுணிலும் காசு பெற்ற வீட்டுக்கு வரவு ஏறத்தாழ இரட்டித்தது. அந்த வீடு விலை பார்க்காமல் வாங்கியது. வெளியில் ஒருவரும் இல்லாத வீடும் அதே சந்தையில், அதே மீனுக்கு முன்னால் நின்றது. மானிப்பாயில் ஒரே ஒழுங்கையில் இந்த இரண்டு வகை வீடுகளும் அடுத்தடுத்து உள்ளன. நாங்கள் அனுப்பும் காசு எங்கள் உறவினரைக் காப்பாற்றியது. அது அயலவரின் மீன் விலையைக் கூட்டியும் இருக்கலாம். காசு அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் அனுப்பினேன்.

பணவீக்கம் 2023இன் நடுப்பகுதியில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2024 செப்டெம்பரில் அது பூச்சியத்துக்குக் கீழும் சென்றது. ஏறும் வேகம் தணிந்து, பின்னர் விலைகள் சற்று இறங்கின என்பதே இதன் பொருள். 2021இன் விலைக்கு எதுவும் திரும்பியதாக அர்த்தமில்லை. 'விலைவாசி இறங்கியது' என்று தலைப்பிட்ட இளம் உதவி ஆசிரியர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் காலத்தில் நானும் அப்படித்தான் தலைப்பிட்டேன்.

இப்போது தேசியச் சுட்டிக்காக வட மாகாணத்திலும் விலை எடுக்கிறார்கள். நல்லது. ஆனால் 1990 முதல் 1995 வரையிலும், 2006 முதல் 2009 வரையிலும் குடாநாட்டில் ஒரு குடும்பம் உயிர்வாழ என்ன கொடுத்தது என்பதை இனிமேல் எந்தத் திணைக்களமும் போய் எடுக்க முடியாது. அது இருப்பது பழைய பத்திரிகைகளின் சந்தை நிலவரப் பத்திகளிலும், சங்கக்கடைப் பேரேடுகள் எஞ்சியிருந்தால் அவற்றிலும், வெளிநாட்டுக்கு எழுதிய கடிதங்களிலும், அம்மாக்களின் கொப்பிகளிலும்தான். ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ பாரிசிலோ உங்கள் வீட்டு அலுமாரியின் அடியில் அப்படி ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். திகதியையும் ஊரையும் குறித்து, பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். விலை இல்லாமல் 'இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தாலும் பரவாயில்லை.

என்னிடமுள்ள கொப்பிகளை நான் ஒவ்வொரு பக்கமாகத் தட்டச்சுச் செய்து வருகிறேன். இப்போது 1991 மார்கழிக்கு வந்திருக்கிறேன்.